மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஓராண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. நீர்ப் பரிசோதனைப் பயிற்சி ஒரு முறையும் செடிப் பரிமாற்றம் இரண்டு முறையும் நடந்தன. புதிய உறுப்பினர்கள் ஒன்பது பேர்.

இனி அயிரைத் தொட்டி. இதற்கு மட்டும் செயலாளர் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறார் என்று போன கூட்டத்தில் கேட்கப்பட்டது. பதில் சொல்வது என் கடமை.

சங்க அறையில் இருந்த பழைய தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 60 உயரம். பார்க்க எடுப்பாக இருக்கும். அதில்தான் கிளவுன் லோச் என்ற அயிரை வகையில் ஐந்தை வளர்த்து வந்தோம். கொள்ளளவு 108 லிட்டர். 90 நீளம், 40 அகலம், 30 உயரம் என்று வாங்கினாலும் அதே 108 லிட்டர்தான், ஆனால் தரைப்பரப்பு இரண்டு மடங்கு. அயிரை தரையோடு வாழும் மீன், மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். தலைக்கு மேல் தண்ணீர் உயர்ந்து நிற்பதால் அதற்குப் பெரிய பயனில்லை. மேல்பரப்பு குறுகினால் ஆக்சிஜன் கலப்பதும் குறையும். அந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது தவறு. தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன்.

அடுத்தது வளர்ச்சி. வாங்கும்போது விரல் நீளம்கூட இல்லாத கிளவுன் லோச், வளர்ந்தால் 20 முதல் 30 செ.மீ. வரை போகும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தனியாக விட்டால் ஒடுங்கிவிடும், ஐந்தாறாவது சேர்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் முழு வளர்ச்சி அடையும்போது 180 செ.மீ. நீளமாவது தேவை. இன்னொரு வகை அயிரையான குஹ்லி லோச்சின் கதை வேறு. 10 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும், 80 லிட்டரில் ஆறேழு சுகமாக இருக்கும். பாறையில் ஒட்டி வாழும் மலையோடை அயிரைக்கோ வேகமான நீரோட்டமும் 20 முதல் 24 டிகிரி வரையிலான குளிர்ந்த நீரும் வேண்டும். அதனால் அயிரைக்கு எந்தத் தொட்டி நல்லது என்று கேட்பவர்களிடம், எந்த அயிரை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் காலை குஹ்லி ஒன்று ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. ஹீட்டர் வயருக்காக மூடியில் விட்ட இடைவெளி சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது, அதற்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றே எல்லா இடைவெளிகளையும் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தேன். பில்டர் உறிஞ்சும் குழாய்க்கும் ஸ்பாஞ்சு மாட்டினேன்.

புதிய தொட்டி 120, 45, 45. நிறைத்தால் 243 லிட்டர். மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை 300 கிலோவைத் தாண்டும் என்பதால் தரை மட்டம் பார்த்து ஸ்டாண்டு நிறுத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர், வந்தவர்கள் இரண்டு பேர். மீசை தேயாதபடி நைஸ் மணலாகப் பார்த்து வாங்கி, மூன்று பேரும் மாலை வரை அலசினோம். அப்புறம் ஐந்து வாரம் மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, தினமும் நீரைச் சோதித்தேன். முறை வைத்துப் பார்க்கலாம் என்று நான் ஒட்டிய தாளில் வேறு பெயர் ஏறவில்லை. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை மாற்றினோம். வலை போடவில்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும், அதனால் டப்பாவில் முகந்து எடுத்தோம்.

முதல் இரண்டு நாள் ஐந்தும் ஒளிவதற்காகப் போட்ட ஒரே குழாய்க்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. மூன்றாம் நாள் இரை போட்டபோது டக் டக் என்று சத்தம் கேட்டது. கிளவுன் லோச் உற்சாகத்தில் எழுப்பும் சத்தம் அது. பழைய தொட்டியில் ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. ஸ்டாண்டுக்கு மதிப்பிட்டதைவிடச் சற்றுக் கூடுதலானது உண்மை. ஆனால் உறுப்பினர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். அவர்களில் பலர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை, ஆனால் மீனுக்கு நோய் வந்தால் இரவிலும் அழைக்கிறார்கள். அழைக்கட்டும், அதற்குத்தான் சங்கம். சந்தாவையும் கட்டினால் பரிசோதனை மருந்து தீராமல் வாங்கி வைக்கலாம்.

தலைவர் அவர்களுக்கும், அறை தந்து உதவியவர்களுக்கும், மணல் அலச வந்த இரு நண்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மீன்கள் இப்போதே 14 செ.மீ. இருக்கின்றன, 120 தொட்டி அவற்றுக்கு நெடுநாள் காணாது. யாரிடமாவது 180 செ.மீ. தொட்டி சும்மா இருந்தால், அல்லது கண்ணாடி ஒட்டத் தெரிந்தவர் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். பாக்கி வைத்திருப்பவர்களுக்காக, கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

பணிவுடன்,
செயலாளர்