ஒருநாள் மருத்துவ முகாமோடு நிறுத்திவிடாதீர்கள்: பினாங்கு கோயில் நிர்வாகங்களுக்கும் இந்தியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவுப் பொறுப்பாளர்களே,

வணக்கம். தீவிலும் செபெராங் பிறையிலும் கோயில் மண்டபங்களில் ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் முகாம்கள் பலவற்றில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் கூப்பிட்டாலும் வருவேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். முகாமை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். அன்றைக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து பாருங்கள். அதையும் முறையான ஆய்வாகவே செய்யுங்கள்.

நோய் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கருமக்கிரியை மண்டபங்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் நீங்கள். ஆனாலும் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 2020-இல் மலேசியாவில் மருத்துவச் சான்றளிக்கப்பட்ட மரணங்களில் 17 விழுக்காடு, அதாவது 18,515 பேர், இருதய ரத்தக்குழாய் அடைப்பால் இறந்தவர்கள். நாட்டு மக்களில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். ஆனால் மாரடைப்பு நோயாளிகளுக்கான தேசியப் பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் பதிவானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியர். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாடுகளில் 59-ஐ ஒட்டி வருகிறது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. அதே ஆய்வு, மாற்றக்கூடிய ஒன்பது காரணங்களே ஏறக்குறைய 90 விழுக்காட்டு மாரடைப்புகளுக்குப் பின்னால் நிற்கின்றன என்றும் சொன்னது. புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தொப்பை என்று பெரும்பாலும் நமக்கு நன்றாகவே பழக்கமான பெயர்கள்தாம்.

சரி, இப்போது முகாமுக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து மேசையில் விரலில் குத்திச் சீனி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் லோரி ஓட்டும் ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார், நாற்பது வயதிருக்கும். 178-க்கு 104. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன், 174-க்கு 102. "நேத்து ராத்திரி தூங்கல அக்கா, அதான்" என்றார். எண்ணைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்து, "நாளைக்கே கிளினிக்குப் போங்க தம்பி" என்றேன். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் கிளினிக்குப் போனாரா, மாத்திரை ஆரம்பித்தாரா என்று கேட்க எங்களிடம் அவருடைய தொலைபேசி எண்கூட இல்லை. பெயர்ப் பட்டியல் எடுத்தது வந்தவர்களை எண்ணுவதற்கு மட்டும்தான்.

இப்படிப்பட்ட முகாம்களால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்று கேட்டால், பதிலை ஆய்வில்தான் தேட வேண்டும். டென்மார்க்கில் இன்டர்-99 என்ற ஆய்வு 30 முதல் 60 வயது வரையுள்ள 59,616 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினரை அழைத்து இருதய ஆபத்தைச் சோதித்தார்கள். ஆபத்து இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுவரை உணவு, புகை, உடற்பயிற்சி பற்றி ஆலோசனையும் கொடுத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, அழைக்கப்பட்டவர்களையும் அழைக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இருதய நோயிலும் சரி, பக்கவாதத்திலும் சரி, மரணத்திலும் சரி, வேறுபாடே இல்லை. 2014-இல் வெளியான முடிவு இது. ஐந்து ஆண்டு ஆலோசனை கொடுத்தே இப்படி என்றால், ஒரு காலைப்பொழுதும் ஓர் அட்டையும் எவ்வளவு தூரம் போகும்?

மனம் தளர வேண்டாம். இன்னொரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஹோப்-4 என்று பெயர். மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 வட்டாரங்களில், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 1,371 பேர் அதில் சேர்ந்தார்கள். 16 வட்டாரங்களில் வழக்கமான கவனிப்பு. மீதி 14 வட்டாரங்களில் மூன்று காரியம் செய்தார்கள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வட்டாரத்துக்கே போய்ச் சோதித்து ஆலோசனை கொடுத்தார். மருத்துவரின் மேற்பார்வையில் அழுத்த மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. மூன்றாவதாக, ஒவ்வொரு நோயாளியும் தன் குடும்பத்திலோ நண்பர்களிலோ ஒருவரைத் துணையாகப் பெயர் சொல்ல வேண்டும். ஓராண்டு முடிவில், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 69 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான கவனிப்பில் அது 30 விழுக்காடுதான். பத்தாண்டில் இருதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் ஃபிராமிங்ஹாம் மதிப்பெண் ஒரு பக்கம் 11 புள்ளிக்கு மேல் இறங்கியது, மறு பக்கம் 6 புள்ளி அளவில். ஓராண்டில் மாரடைப்புகளை எண்ணி முடிவு சொல்ல முடியாது, அதனால் இது கணக்கிட்ட ஆபத்துதான். ஆனாலும் 2019-இல் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்த மூன்றாவது காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையால் செய்ய முடியாததும் உங்களால் செய்ய முடிவதும் அதுதான். கிளினிக்கில் மாத்திரை கிடைக்கிறது, குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த்தில் ஒரு பெரியவர் வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார்கள். உள்ளே அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. தவறாமல் அப்பாயிண்ட்மெண்டுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார், ஆனால் விழுங்கவில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா" என்றார். மகனுக்கு ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மனைவிக்கு எழுத்து வராது, எந்த மாத்திரை எதற்கு என்று தெரியாது. படிவம் மூன்றில் படிக்கும் பேத்திதான் கடைசியில் பொறுப்பெடுத்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் தாத்தா முன்னால் வைத்துவிட்டு, அவர் விழுங்கும்வரை அங்கேயே நிற்பாள். காலண்டரில் ஒரு கோடு போடுவாள். அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் அழுத்தம் இறங்கியிருந்தது. ஹோப்-4 சொல்லும் துணை என்பவர் அந்தப் பேத்திதான். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது.

மக்கள் தாங்களாகவே கூடும் இடத்துக்கு மருத்துவம் போனால் என்ன நடக்கும் என்றும் சோதித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 52 முடிதிருத்தும் கடைகளில், அழுத்தம் கூடுதலாக இருந்த 319 கறுப்பின ஆண்களை வைத்து நடந்த ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு, மருந்தாளுநரே கடைக்கு வந்து, டாக்டரின் ஒப்புதலோடு மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர்களுக்கு மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவர் எடுத்துச் சொல்லி டாக்டரிடம் அனுப்பிய மற்ற பிரிவில் 9 புள்ளி. அங்கே கடை, இங்கே கோயில். நம் ஆண்கள் வெள்ளிக்கிழமை வந்து போகும் இடம் அது.

அதனால் நான் கேட்பது இதுதான். முகாமில் எண் கூடுதலாக வந்தவர்களிடம் சம்மதம் கேட்டு, பெயரும் தொலைபேசி எண்ணும் அவர் சொல்லும் துணையின் பெயரும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒருவர் அழைத்து, கிளினிக்குப் போனாரா என்று கேட்கட்டும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மூலையில் மேசை போட்டு அழுத்தம் பாருங்கள். படியேறி வந்த கையோடு பார்க்கக் கூடாது. முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மேளச் சத்தம் இல்லாத இடத்தில், இரண்டு முறை. பணம் பெரிதாக ஆகாது. ஆள்தான் வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியெங்கும் பந்தல் போட்டு, இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் நிறுத்தத் தெரிந்த நமக்கு, மாதத்தில் ஒரு மாலை நான்கு பேரை உட்கார வைப்பது முடியாத காரியமா?

ஆய்வாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்ததெல்லாம் பலன் தரும் என்று சொல்ல முடியாது என்பதை டென்மார்க் காட்டிவிட்டது. எல்லாக் கோயில்களும் ஒரே நாளில் தொடங்க முடியாது. எவை இந்த ஆண்டு, எவை அடுத்த ஆண்டு என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஆய்வாளர்கள் செய்வதும் அதேதான், கணினியில் போடுகிறார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பையும் ஒப்பிட்டால், நாம் செய்தது பயன் தந்ததா என்று தெரிந்துவிடும். அறிவியல் பல்கலைக்கழகம் நம் தீவிலேயே இருக்கிறது. பினாங்கு மருத்துவமனையில் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஆய்வைப் பதிவு செய்வது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியின் முன்னால் வாசித்துச் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

"நம்மள வச்சு சோதனை பண்றாங்களா" என்று சிலர் கேட்பார்கள். இதில் புது மருந்து எதுவும் இல்லை, ஏற்கெனவே கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகள்தாம். தவிர, ஆய்வுக்கு வெளியே நிற்பதால்தான் நமக்கு நட்டம். ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் என நான்கு இனத்தவருக்கும் ஒரே அளவு கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரைவிட இந்தியர் ரத்தத்தில் அந்த மருந்து சுமார் 1.6 மடங்கு சேர்ந்திருந்தது, சீனருக்கு 2.3 மடங்கு. 2005-இல் வந்த முடிவு. நம் ஆட்கள் அந்த ஆய்வில் சேராமல் இருந்திருந்தால், நமக்குச் சரியான அளவு என்னவென்று யார் சொல்லியிருப்பார்கள்?

இரண்டு எச்சரிக்கைகள். பெயர்ப் புத்தகம் பூட்டில் இருக்க வேண்டும். யாருக்கு என்ன நோய் என்பது அன்னதான வரிசையில் பேசப்பட்டால், அடுத்த மாதம் ஒருவரும் வர மாட்டார். அப்புறம், இந்த வேலையை நிர்வாகத் தேர்தலோடு கட்டிவிடாதீர்கள். நிர்வாகம் மாறியதும் பாதியில் நின்றுபோன நல்ல காரியங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தலைவர் யாராக இருந்தாலும் ஓராண்டு முழுக்கத் தொடரும் ஒரு சிறு குழுவை, முடிந்தால் மகளிர் பிரிவின் கீழ், இப்போதே அமையுங்கள்.

குடியுரிமை ஆவணம் இல்லாத நம்மவர்களை மறந்துவிட வேண்டாம். 1 ரிங்கிட் கட்டணம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, முகாமுக்கு முதலில் வருகிறவர்களும் அவர்களே. அவர்களுடைய மாத்திரைச் செலவுக்குக் கோயில் நிதியிலிருந்து ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து விளக்குகிறேன். என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற தாதிகள் சிலரும் வரத் தயாராக இருக்கிறார்கள். முதல் மேசையை எந்தக் கோயில் போட்டாலும், அந்த வெள்ளிக்கிழமை கருவியோடு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தாதி,
பட்டர்வொர்த்