கத்தி எடுக்காத சைக்கோபதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் சைக்கோபதி (இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாமல் பிறரை ஏய்க்கும் குணம்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் கத்தியோடு ஓர் ஆண். கட்டுரையிலும் பேச்சுக்குக்கூட ஒரு பெண் இல்லை.

இந்தக் குணம் ஆண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளக்கும் படியையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் 1991இல் வெளியிட்ட பட்டியலில் 20 குணங்கள், மொத்தம் 40 புள்ளி. 30ஐத் தொட்டால் சைக்கோபத். பெரும்பாலும் சிறையிலிருந்த ஆண்களைப் பார்த்து எழுதிய பட்டியல் அது. சிறுவயதில் செய்த குற்றம், பலவகைக் குற்றம் என்றெல்லாம் அதில் புள்ளி உண்டு. போலீஸ் வாசலையே மிதிக்காத பெண்ணுக்கு அங்கே என்ன விழும்?

1980களில், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருத்தி கூட்டு நடத்தினாள்; ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு அது. யார் மேலும் கை வைத்ததில்லை. சாவு வீட்டில் முதல் ஒப்பாரி அவளுடையதுதான். ரப்பர் பால் வெட்டிச் சேர்த்து, கூட்டில் போட்ட காசை என் அம்மா கேட்கப் போனபோது, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில், அம்மாவுக்கும் மண்டோருக்கும் (வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கும்) தொடர்பு என்று பேச்சு. கிளப்பிவிட்டவள் அவளே. போலீசுக்கும் போக முடியாது. 1971லேயே கூட்டுக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. காசு போனதை அம்மா மறந்துவிட்டார். அந்தப் பேச்சை மறக்கவே இல்லை.

ஊரார் அவளை 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்றார்கள்; மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. அதுவும் தப்பு. காதில் குரல் கேட்பது, இல்லாததைக் காண்பது எல்லாம் சைக்கோபதியில் சேராது. அவளுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டைத் திறக்காமலே சொல்வாள்.

அவள் சைக்கோபத் என்று நான் முத்திரை குத்தவில்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர் நேரில் பேசி, பழைய பதிவுகளையும் புரட்ட வேண்டும். ஆனால் ஈரமில்லாத இந்த மனசு, பெண்களிடம் அடிதடியாக வருவதைவிட புறம்பேசுவதிலும் உறவை முறிப்பதிலும் வெளிப்படுகிறது என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். மருத்துவர்கள்கூட அதைப் 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தடுமாறும் வேறொரு கோளாறு) என்று எழுதிவிடுவதுண்டாம். (எதிர்த்துப் பேசும் மருமகளையெல்லாம் 'சைக்கோ' என்பது வேறு கூத்து.)

பெண்களிடம் இது எப்படித் தலைகாட்டுகிறது என்று நம் மனநல மருத்துவர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். படத்துக்குக் கத்தி வேண்டாம்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்