தொங்கிதொக் குங்: ராகவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராகவா,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் வந்து ஐந்து மாதமாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன். நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரவு கவிதா பி.டி.எஸ். என்னும் கொரியப் பாட்டுக் குழுவின் 'ஐடல்' பாட்டைப் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போனவன், அந்த ஏழு பேரும் "தொங்கிதொக் குங்தொரொரொ" என்றதைக் கேட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். சொற்கட்டு, ராகவா! இடை ஒடுங்கிய ஜாங்கு என்னும் கொரிய மேளத்தை வாயால் சொல்லும் முறையாம் அது. இரு கையும் சேர்ந்து விழுந்தால் தொங், இடக்கை மட்டும் விழுந்தால் குங், வலக்கைக் குச்சியைத் தோலின்மேல் துள்ளவிட்டால் தொரொரொ. வாத்தியார் நம்மை மிருதங்கத்தைத் தொடவிடாமல் ஒரு வருடம் வாயாலேயே சொல்லவைத்தாரே, அதே வித்தை!

அந்தச் சொற்கட்டுக்கு அடியில் ஓடும் தாளம் கொரியாவுடையதுகூட அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த கோம் என்னும் ஆட்ட இசையின் சாயல் கொண்டது. அடி கனமாக விழுகிறது, மூச்சுவிட இடமே தருவதில்லை. இவர்களுடையது "யந்திரத்தில் வார்த்த பாட்டு" என்று எழுதியிருந்தாயே, அடே வெண்கலப்பானை! உன் காதை நான் இனி எப்படி நம்புவது?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. பான்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டில் பாடுகிறவர் ஒருவர், மேளக்காரர் ஒருவர். பாட்டு சூடேறும்போது மேளக்காரரும் சபையும் "ஒல்சு" என்று குரல் கொடுப்பார்கள். நம் 'பலே', 'சபாஷ்' போல. பாடுகிறவருக்குப் பிறர் தர வேண்டிய அந்தக் குரலை, 2018இல் வந்த இந்தப் பாட்டில் பாடுகிறவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். கலைஞன் என்றாலும் சரி, ஐடல் என்றாலும் சரி, எங்களுக்குக் கவலையில்லை என்பதுதான் பாட்டின் பொருள். கம்பெனி தயாரித்த பொம்மைகள் என்று இளப்பமாகச் சொல்லப் பயன்பட்ட அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துவிட்டு, வாதாடாமல், கோபப்படாமல், தாங்களே ஒரு 'ஒல்சு' போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். இதில் திமிர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சபை வாய் திறக்கும்வரை காத்திருந்தவனுக்குத்தான் அந்தக் குரலின் விலை தெரியும்.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோயில் கச்சேரிக்குப் பிறகு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும், மிருதங்கத்தைப் பரணில் ஏற்றிவிட்டதாகவும் இரண்டே வரியில் எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் ஐந்து மாதமும் போயிற்று.

2018 டிசம்பரில் சியோலின் கோச்சொக் அரங்கில் இதே பாட்டை அவர்கள் ஆடிய காணொளியைக் கவிதா உனக்கு அனுப்புவாள். தொடக்கத்தில் அந்த ஏழு பேரில் ஒருவரான ஜே-ஹோப் மேள நடனத்தோடு வருவார். சுற்றிலும் மூன்று மேளங்களை நிறுத்தி, பின்பக்க மேளத்துக்கு முதுகை வளைத்து அடிக்கும் ஆட்டம் அது. ஜிமின் விசிறியோடு வருவார், ஜங்குக் முகமூடிக் கூத்தோடு. ஜே-ஹோப் வரும் இடத்தை இரண்டு முறை பார்.

பொங்கலுக்குக் கவிதா உன் ஊருக்கு வருகிறாள். 'குங்' என்பதற்கு மிருதங்கத்தின் இடந்தலையில் எந்த அடி சரிப்படும், தொரொரொவுக்கு எந்த விரல் ஓடும் என்று உன்னிடம்தான் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் வாரைப் பிடித்து வை.

அன்புடன்,
சேது