ஞாயிறு காலை 10 மணி: நம் பள்ளியில் படிகப் பேச்சு

வணக்கம் நண்பர்களே,
இந்தூர் சிங்க்ரோட்ரான் மையத்தில் (எலக்ட்ரான்களை வேகமாகச் சுழற்றி வலுவான எக்ஸ்ரே உண்டாக்கும் இடம்) எக்ஸ்ரே தரவுகளிலிருந்து புரத வடிவங்களைக் கணக்கிடும் நம் பேட்ச் தோழி கும்பகோணம் வந்திருக்கிறார். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, நம் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசுகிறார்.

புரதப் படிகத்தில் பட்ட எக்ஸ்ரே சிதறிப் புள்ளிகளாக விழும். புள்ளியின் பிரகாசம் பதிவாகும், அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது, பதிவாகாது. தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்பதுதான் அவர் வேலை. சென்னையில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் இதை அவசியம் கேட்கணும்.

1. 9.45-க்குள் வந்துவிடுங்கள்.
2. வேதாரண்யத்து நண்பர்கள் கல் உப்பு ஒரு பை கொண்டு வாருங்கள். லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் கனசதுரங்கள் தெரியும்.
3. லேசர் பாயிண்டர், மெல்லிய வேட்டி வேண்டும். துணி வழியே ஒளியை விட்டால் சுவரில் புள்ளிக் கட்டம் விழும். முயன்று பார்த்தேன், அவ்வளவு அழகு! லேசர் பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும், கண்ணில் படக்கூடாது.
4. டீ, வடை செலவைப் பகிர்ந்துகொள்வோம்.

எத்தனை பேர் வருகிறீர்கள், யார் எதைக் கொண்டு வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.