உச்சிக்கு நேரே ஒரு சூரியன்: கிழக்குக் கரைச் சபையினருக்குத் திறந்த மடல்

வாகரை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோர உள்ளூராட்சி சபைகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது என் பழக்கம். போய்வந்த ஊர், நாட்டு நடப்பு, இவற்றோடு பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்ற கேள்வியும் எப்படியோ அதில் நுழைந்துவிடும். தேங்காய் விற்கிற விலையில் இவருக்கு வேற்றுக்கிரகம் கேட்கிறது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இந்த வாரம் கேலிக்கு இடமில்லாமல், உங்கள் அதிகாரத்துக்குள் அடங்கும் ஒரு கோரிக்கையோடு வருகிறேன். கடற்கரை விளக்குகளின் முகத்தைக் கீழே திருப்புங்கள். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் இரண்டு மணி நேரம் அவற்றை அணைத்து வையுங்கள்.

காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெதில் சல்பைடு இருப்பதற்கான அடையாளம் தெரிகிறது என்றார்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்ட அடையாளம் அது. நம் பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். அதனால்தான் அங்கேயும் உயிர் இருக்குமோ என்ற பேச்சு. கரையில் நாம் நுகரும் கடல் வாசத்தில் அதற்கும் பங்கு உண்டு. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்த வேறு குழுக்கள், இந்த அளவு சான்று போதாது என்று சொல்லிவிட்டன. வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்தக் கோள் சுற்றிவரும் சிவப்புக் குறுவிண்மீன் 124 ஒளியாண்டு தூரத்தில், சிம்மம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஒரு கோடு போட்டால், அந்த வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.6 பாகையில் அதன் இடம். மட்டக்களப்பு நகரம் இருப்பது 7.7 பாகை வட அகலாங்கில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏப்ரல் கடைசியில், இரவு ஒன்பது மணியளவில், அந்தச் சூரியன் கல்லடிப் பாலத்தில் நிற்பவரின் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. கொழும்புக்கோ கண்டிக்கோ கூட இவ்வளவு நேராக வருவதில்லை. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது, பள்ளிக்கூடத்துச் சிறு தொலைநோக்கிக்கும் எட்டாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள சிம்மத்தின் விண்மீன்களைக் காட்டி, "அந்த இடத்தைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாம். விளக்கு வெளிச்சம் விட்டால்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். காலியில் பிறந்த வேதியியலாளர் சிறில் பொன்னம்பெருமா, 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் பூமிக்கு வெளியே உருவான அமினோ அமிலங்கள் (உயிரின் புரதங்களுக்கு அடிப்படையான பொருட்கள்) இருப்பதைத் தம் குழுவினருடன் காட்டினார். நமக்குப் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில், 2012 டிசம்பரில் அறலகங்வில பகுதியில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் நுண்பாசிப் படிவங்களைக் கண்டதாக, இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்க அறிவித்தார். அந்தப் பாசிகள் நம் குளங்களில் வாழ்பவை போலவே இருக்கின்றன, கல்லே விண்கல்தான் என்பதற்குச் சான்று இல்லை என்று மற்ற அறிவியலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்று உயர்தர வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை.

இனி விளக்குக்கு வருகிறேன். கடற்கரைப் பூங்காக்களில் கம்பத்தின் தலையில் வெள்ளை உருண்டை ஒன்றை மாட்டுகிறார்கள். அதன் மேல்பாதி வானத்துக்கு எரிகிறது, கீழ்ப்பாதிதான் நடப்பவருக்கு. நீலம் கலந்த அந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறி, வானம் முழுவதும் சாம்பல் பூசுகிறது. பணம் கட்டி வானத்தை அழிக்கிறோம்.

இருட்டைக் கேட்பது இந்த மண்ணில் எளிதான காரியம் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் இங்கே இருட்டு என்றால் அச்சம். விளக்கு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் போனபோது, நுளம்புக் கடியில் முற்றத்துக்கு வந்தவர்களுக்குப் பால்வீதி தெரிந்தது உண்மை. அதற்காக அந்த நாட்களைத் திரும்பக் கேட்கும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. வீதி விளக்குகள் எரியட்டும். பெண்கள் தனியே நடக்கும் பாதையில் ஒரு விளக்குகூடக் குறையக்கூடாது. மேலே மூடி போட்டு, மஞ்சள் சாயலுள்ள குமிழ் மாட்டினால் பாதைக்கு வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. பாணமைப் பக்கம் முட்டையிட வரும் ஆமைகளுக்கும் அது நல்லது. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானம்தான் கடல் என்று நம்பி நடப்பவை; நம் விளக்கைக் கண்டால் கரைப்பக்கம் திரும்பிவிடும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்போது, வெலிக்கந்தைக்கும் புனாணைக்கும் இடையில் யானைக்காக வண்டி நின்றது. ஓட்டுநர் முன்விளக்கைத் தணித்தார். கண்ணாடிக்கு வெளியே காட்டுக்கு மேல் அடிவானம் வரை விண்மீன்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கேயும் ஆட்கள் இருப்பார்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் யானை போய்விட்டது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

நடைமுறை இதுதான். மார்கழி, தை மழை மேகத்தில் முயற்சி செய்ய வேண்டாம், பங்குனியில் தொடங்கலாம். போயா விடுமுறையில் வைத்துவிடாதீர்கள். முழுநிலவு நம் வாவியில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்களுக்கு உரியது. மே மாத நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் ஆல்பா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன்கள். தொலைநோக்கி வாங்கக் கேள்விப்பத்திரம் கோர வேண்டியதில்லை, கண் போதும். விளக்கம் சொல்லப் பௌதிகவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடலில் வெள்ளி பார்த்துத் திசை அறிந்த மூத்த மீனவர்களையும் மறக்காமல் அழையுங்கள்.

முதலில் ஒரே ஒரு கம்பத்தில் மூடி போட்டுப் பாருங்கள். ஏணியும் மின்பணியாளரும் உங்களிடமே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வரியிறுப்பாளன்