ஊருக்குத் திரும்பும் முன் அரை நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்குக்கு ஊர் வந்தவர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் மீண்டும் தாத்தா பாட்டி பொறுப்பில். அப்பாவின் பழைய போனும் பெரும்பாலும் பிள்ளை கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் போனையும் வீட்டையும் ஒழுங்கு செய்ய அரை நாள் போதும். அதைச் செய்யாமல் யாரும் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

பழைய போனில் இருப்பது அப்பாவின் கூகுள் கணக்கு. அதில் பதிந்த வயது 35 என்றால், 35 வயது ஆளுக்கு உரியதையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது காட்டும். எனவே போனை அப்படியே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். படங்களை வேறு போனுக்கு மாற்றுங்கள். கூகுள் பே, போன்பே போன்ற செயலிகளில் வங்கிக் கணக்கை நீக்குங்கள். செட்டிங்ஸில் கூகுள் கணக்கையும் அகற்றிவிட்டு, அதற்குப் பிறகே போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்யுங்கள். இந்த வரிசை மாறினால், ஆன் ஆகும்போது பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடலாம். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அதோடு கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

பிறகு பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துப் புதுக் கணக்கு தொடங்குங்கள். 13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கணக்கையும் கேட்கும். அதைத் தவிர்க்கப் பலர் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு அத்தனையும் அந்த ஓர் எண்ணில் போய்விடுகிறது. உங்கள் போனில் ‘ஃபேமிலி லிங்க்’ செயலியை ஏற்றுங்கள், இலவசம்தான். ஓசூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கும் அம்மா அங்கிருந்தே இரவு 9 மணிக்குப் பிள்ளையின் போனைப் பூட்டி, காலை 6 மணிக்குத் திறக்கும்படி வைக்கலாம். பிள்ளை புதிதாக ஒரு கேமை இறக்க நினைத்தால் அம்மாவின் போனுக்கு அனுமதி கேட்டு வரும். வெளியூரில் வேலை செய்யும் நம் மாவட்டத்துப் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை.

இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சமிருக்கும். ஒன்று, தாத்தாவின் போன். அதன் லாக் பேட்டர்ன் வீட்டில் தாத்தாவைவிடப் பேரனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வங்கி எஸ்எம்எஸ், ஓடிபி வரும் சிம்மைச் சாதாரண பட்டன் போனில் போட்டுவிடுவதே நல்லது. இன்னொன்று, வாட்ஸ்அப். அதற்குள் யார் என்ன அனுப்புகிறார் என்பதை ஃபேமிலி லிங்க் காட்டாது. பள்ளிக் குழுவுக்காக வாட்ஸ்அப் இருந்தே ஆகவேண்டும் என்றால், அதன் பிரைவசி பகுதியில் குரூப்பில் சேர்ப்பது, புரொஃபைல் படம் பார்ப்பது இரண்டையும் ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

முகம் தெரியாத சிலர், கேமில் பயன்படும் டைமண்டை இலவசமாகத் தருகிறேன் என்று பிள்ளையிடம் பேச்சைத் தொடங்கி, ஓடிபியோ படமோ கேட்பார்கள். படம் கைக்குப் போனபிறகு மிரட்டல் வரும். பிள்ளைகள் அதை வீட்டில் சொல்லாததற்கு முதல் காரணம், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே கிளம்பும்போதே, “என்ன நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன், போனையும் வாங்க மாட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, இரவிலும் எடுப்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

இனி வீடு. பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் தக்காளி, காவேரிப்பட்டணம் பக்கம் மா. தோட்டத்துக்கு அடித்தது போக மீதியுள்ள பூச்சிக்கொல்லியைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நாம் பூச்சிக்கொல்லியையும் ‘மருந்து’ என்கிறோம், காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிரப்பையும் ‘மருந்து’ என்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுக்கும் ரகங்கள் மோர் மாதிரியே தெரியும். மீதியை வாங்கிய டப்பாவிலேயே மூடி, வீட்டுக்கு வெளியே பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் அப்படியே, வாந்தியில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடையைக் கழற்றி, தோலை சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய அது தேவை.

எலி பேஸ்ட் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். பார்க்கப் பற்பசை போலவே இருக்கும். தின்ற குழந்தை முதல் நாள் ஓடி விளையாடிக்கொண்டே இருக்கலாம். “ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுவிடலாம். ஆகவே அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள், உடனே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரிமோட், பொம்மைகளில் இருக்கும் வட்ட பேட்டரியும் அதே ஆபத்து. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்.

ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு மூடி, சம்ப்புக்குப் பூட்டு. வெறும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். தவழும் குழந்தைக்குத் தலைப் பக்கம்தான் கனம், அரை பக்கெட் தண்ணீரில் விழுந்தாலும் எழ முடியாது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு, பட்டன் போனின் 2-இல் 108-ஐயும் 3-இல் 1098-ஐயும் ஸ்பீடு டயலில் போட்டுக் கொடுங்கள். கிளம்பும் முன், அவர் கையாலேயே ஒருமுறை அந்த பட்டன்களை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், எண் திரையில் வந்ததும் கட் செய்துவிடலாம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் வைத்தால் வருவது தாத்தா பாட்டிதான். பொங்கல், ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் அப்பாவும் அம்மாவும் போனோடு வருவார்கள். ஃபேமிலி லிங்க் ஏற்றுவதை அங்கேயே உட்கார வைத்துச் செய்து கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்