குறைமாதப் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் தங்க ஒரு வீடு: உங்கள் உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே,

மட்டக்களப்பு டவுனில், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு அறை, ஒரு குசினி, கிணறு, பின்னால் துணி காயப்போட இடம். குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாய்மார், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் வரைக்கும் அங்கே காசில்லாமல் தங்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம். ஆறு மாத முற்பணம் கட்டினால் சாவி தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பாதி சேர்ந்துவிட்டது. மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

இலவச வைத்தியம்தானே, பிறகு எதற்குக் காசு என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இன்கியுபேட்டருக்கோ மருந்துக்கோ இங்கே யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் தாய்க்கு உடம்பு தேறினால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும், அடுத்த பிரசவத்துக்குக் கட்டில் வேண்டுமே. பிள்ளையோ மாதக்கணக்கில் உள்ளே இருக்கலாம். அந்தத் தாய் வெல்லாவெளிக்கோ வாகரைக்கோ போய்விட்டு, தினமும் பஸ் ஏறி வந்து, கடைசி பஸ்ஸுக்கு முன் திரும்ப வேண்டும். பொத்துவில் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிப் பயணமே 100 கிலோமீட்டருக்கு மேல். மாரியில் படுவான்கரை றோட்டு தண்ணீரில் போனால் அதுவும் இல்லை.

எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு 29 ஆவது கிழமையில் பிள்ளை பிறந்தது, எடை 1 கிலோ 100 கிராம். ஒட்சிசன் அளவு பார்க்கிற சின்ன சிவப்பு விளக்கைக் காலில் சுற்றியிருந்தார்களாம், பாதம் அவ்வளவு மெல்லிசு என்பதால் பாதம் முழுக்க அந்த வெளிச்சம் ஊடுருவி நின்றதாம். அதைத்தான் இன்றைக்கும் சொல்லுவாள். கர்ப்பக் கணக்கில் 34 கிழமை வரும் வரைக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றாகக் கூடிவராது, அதனால் பாலை எடுத்து மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாயில்தான் கொடுப்பார்கள், முதலில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றர். அந்தச் சொட்டுக்காக அவள் இரவு பகல் பாராமல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் எடுக்க வேண்டும், விட்டால் பால் வற்றிவிடும். வீட்டுக்குப் போய் வந்த பத்தாவது நாள் அவளுக்குப் பால் ஏறக்குறைய நின்றுபோனது. மாப்பால் கொடுக்க வேண்டி வந்தது. அந்த வேதனையில் இருந்துதான் இந்தக் குழுவே தொடங்கியது.

ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், குறைமாதப் பிள்ளையின் குடல் இன்னும் பழுக்காதது, அதன் சுவர் வீங்கி அழுகிப்போகும் ஒரு நோய் வரலாம், உயிரையே எடுக்கும். மாப்பாலை விடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவு. நுரையீரலுக்கு மருந்து இருக்கிறது, காற்றுப் பைகள் ஒட்டிப்போகாமல் இருக்க சர்பக்டன்ட் கொடுக்கிறார்கள். மூச்சு விட மறந்து நிற்கும் பிள்ளைகளுக்கு, ஆச்சரியமாக, நாம் தேத்தண்ணியிலும் கோப்பியிலும் குடிக்கிற அதே கஃபீன்தான் மருந்து. தாய்ப்பாலுக்கு மட்டும் தாய் வர வேண்டும்.

நெஞ்சோடு அணைத்து வைப்பதும் அப்படித்தான். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியுபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது இது. தாயின் மார்பில் வெறும் தோலோடு தோலாகப் பிள்ளையைச் சேலையால் கட்டி வைப்பது. ஏதோ வழியில்லாதவர்கள் செய்வது என்று நினைக்காதீர்கள், 2022 இல் உலக சுகாதார நிறுவனமே பிறந்த உடனே தொடங்கச் சொல்லிவிட்டது, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை. எட்டு மணித்தியாலம்! பஸ்ஸில் வந்து போகிற தாய்க்கு அது எப்படி முடியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஏழில் பிறந்தால் தப்பும், எட்டில் பிறந்தால் தப்பாது என்று நம்மூர் ஆச்சிமார் சொல்லுவார்கள். தயவுசெய்து அதைப் பிள்ளை பெற்றவள் காதில் போடாதீர்கள், அது பிழை. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு லாபம்தான்.

சேரும் காசில் முதல் செலவு வாடகை, பிறகு ஒரு பிரிட்ஜ், பால் எடுக்கும் பம்ப், கட்டில், மெத்தை. மிஞ்சினால் கண் கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் பிழையாக வளரலாம், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிறந்து நாலு கிழமை அளவில் டொக்டர் பார்த்தால்தான் தெரியும். உரிய நேரத்தில் கண்டால் லேசரால் காப்பாற்றலாம். விட்டால் பார்வை போய்விடலாம், போனால் பிறகு திருப்ப முடியாது. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே, எதற்கு அலைய என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பார்க்க மாட்டோம், எந்தத் தாயும் வரலாம். காசைத் தனியாட்கள் கையில் கொடுக்க வேண்டாம், குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள், மூன்று பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது. எங்களுக்கு எழுதினால் கணக்கிலக்கம் அனுப்புகிறோம், ரசீதும் மாதக் கணக்கும் எல்லோரும் பார்க்கும்படி போடுவோம். 500 ரூபாய் என்றாலும் கூச்சப்படாமல் போடுங்கள். கல்முனைப் பக்கம், வாழைச்சேனைப் பக்கம் மீன் தருகிறேன், அரிசி தருகிறேன் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பெரிய உதவி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு மாத வாடகையைப் பொறுப்பெடுத்தால் எங்களுக்கு மூச்சு வரும்.

மழை பிடிக்க முன் சாவியை வாங்க வேண்டும். காசு இல்லாவிட்டால் வீட்டில் கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பழைய பருத்திச் சேலை இருக்குமே, அதைத் தோய்த்து, வெயிலில் காயவைத்து, மடித்துத் தாருங்கள். பிள்ளையை நெஞ்சில் கட்ட அதைவிட நல்ல துணி கடையில் இல்லை.